சுயசான்று பிளான் அப்ரூவல் திரும்பத் திரும்ப ரிட்டர்ன் ஆகுது, உதவி பண்ணுங்க

புதுவீடு_கனவு:
அரசோட சிங்கிள் விண்டோ போர்ட்டல்ல சுயசான்றுல (விவரமெல்லாம் சரின்னு நாமே உறுதி கொடுத்து பிளான் அனுமதி வாங்குற முறை) அப்ளை பண்ணேன், தரைத்தளம் மட்டும்தான், பத்திரம் பட்டா இசி (வில்லங்கச் சான்று) எல்லாம் ஏத்தியாச்சு, ஆனா ரிட்டர்ன் பண்றாங்க. கடக்கால் தோண்ட ஆள் சொல்லியாச்சு, பேங்க் லோனும் இதுக்காகத்தான் நிக்குது. என்ன பண்றது? அவசரம்.

கம்பிக்கட்டு:
எந்த ஊர்? ஊராட்சியா மாநகராட்சியா? மனை எவ்வளவு? ரிட்டர்ன்ல என்ன எழுதியிருக்காங்க, அதைப் போடுங்க முதல்ல.

மழைத்தொட்டி:
மழைநீர் சேகரிப்பு வரைபடத்துல காட்டினீங்களா? 2003லேர்ந்தே கட்டாயம். எனக்குத் தெரிஞ்சு பாதி ஃபைல் இதுலதான் நிக்கும்.

சர்வேயர்_தம்பி:
இல்லண்ணே, பட்டா யார் பேர்ல இருக்குன்னு கேளுங்க. அதான் பிரச்சினையா இருக்கும்.

விதிப்புத்தகம்:
2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளைப் படிச்சுட்டு அப்ளை பண்ணா இப்படி வந்து நிக்க வேண்டாம். சுயசான்று 2024 ஜூலைல வந்தது, மனை 2500 சதுரடி, கட்டடம் 3500 சதுரடி, தரை பிளஸ் ஒண்ணு, அதுக்குள்ளதான். மனை அங்கீகாரம் இல்லைன்னா அதெல்லாம் பேசியே பிரயோஜனமில்ல.

புதுவீடு_கனவு:
மாநகராட்சிதான், 1200 சதுரடி. பட்டா என் பேர்லதான். "மனை அங்கீகார உத்தரவு இணைக்கப்படவில்லை"ன்னு இருக்கு. பட்டாவே இருக்கும்போது இது எதுக்கு?

கம்பிக்கட்டு:
தம்பி பட்டா வேற, மனை அங்கீகாரம் வேற. பட்டா இடம் உங்களுதுன்னு சொல்லும், அந்த இடத்தை மனையாப் பிரிச்சதுக்கு அனுமதி இருந்துச்சான்னு சொல்லாது. பத்திரத்துல சொத்து விவரத்தைப் பாருங்க, அங்கீகரிச்ச லேஅவுட்னா டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) நம்பர் பெரும்பாலும் அதுலயே இருக்கும்.

புதுவீடு_கனவு:
நம்பர் இல்லண்ணே. "மனை எண் 14, கிழக்கே 20 அடி பொதுப்பாதை" அவ்ளோதான். அப்பா 2009ல வாங்குனது, 2021ல எனக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தாரு.

சர்வேயர்_தம்பி:
2021ஆ? அப்போ வரன்முறை (அங்கீகாரம் இல்லாத மனையை முறைப்படுத்துறது) கிடைக்காது.

விதிப்புத்தகம்:
தப்பு. 20-10-2016க்கு முன்னாடி அது மனையா விற்பனை ஆகிப் பதிவாகியிருக்கணும். அப்பாவோட 2009 பத்திரமே அதுக்கு ஆதாரம். லேஅவுட்டுக்கு ஃப்ரேம்வொர்க் அனுமதி (லேஅவுட் முழுசுக்கும் கொடுக்கிற கொள்கையளவிலான அனுமதி) வந்திருக்கான்னு பாத்துட்டு தனிமனை வரன்முறைக்குப் போடணும். இதைக்கூட நானே சொல்லணுமா.

மழைத்தொட்டி:
இத்தனை அலைச்சலுக்குக் கட்டிடலாம், எங்க தெருவுல பாதி வீட்டுக்கு பிளானே கிடையாது. பிளான் வாங்கினாலும் கடைசில கரண்டு கனெக்‌ஷனுக்கு, வீடு கட்டி முடிச்சதுக்கான நிறைவுச் சான்று கேப்பான்.

கம்பிக்கட்டு:
அண்ணே தயவுசெஞ்சு இப்படிச் சொல்லாதீங்க, அவருக்கு லோன் இருக்கு, பிளான் இல்லாம பேங்க் எப்படிக் கொடுக்கும்? சுயசான்று வீட்டுக்கு நிறைவுச் சான்று விலக்கு இருக்கு.

மழைத்தொட்டி:
ஆர்டர்ல இருக்கும், கவுன்டர்ல இருக்காது. என் மச்சான்கிட்ட கேட்டாங்க.

விதிப்புத்தகம்:
உங்க மச்சான் எத்தனை மாடி கட்டினாரு, எந்த வருஷம்? அதைச் சொல்லாம பேசாதீங்க.

மழைத்தொட்டி:
ரெண்டு மாடி, கீழ கடை.

விதிப்புத்தகம்:
கடை இருக்குல்ல. அது வேற கணக்கு.

புதுவீடு_கனவு:
பக்கத்து மனைக்காரர் ஃப்ரேம்வொர்க் ஆர்டர் ஜெராக்ஸ் கொடுத்தாரு. தனிமனை வரன்முறைக்குப் போட்டாச்சு, அது கைக்கு வந்தப்புறம்தான் பிளான். கடக்கால் வேலையை நிறுத்திட்டேன். ரொம்ப நன்றிண்ணே.

சர்வேயர்_தம்பி:
கட்டணம் எவ்வளவு கேட்டாங்க ப்ரோ? எங்க சித்தப்பா மனையும் இதே கதைதான்.