கப்பற்படை பெல்ட் என்கிறார் கடைக்காரர், நம்பலாமா?

வளவுவாசி:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கான்வாஸ் பெல்ட் ஒன்று பார்த்தேன். காக்கி நிறம், முன்னால் பித்தளைக் கொக்கி, முதுகுப் பக்கம் சின்னதாக இரண்டு பக்கிள். டேப் வாங்கி அளந்தேன், அகலம் 2¼ அங்குலம். "பிரிட்டிஷ் கப்பற்படை, 1919 மாடல், இனிமேல் கிடைக்காது" என்று 4,500 ரூபாய் சொல்கிறார். எங்கள் ஐயாவின் தம்பி போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர், அதனால் எனக்கும் ஆசை. நம்பி வாங்கலாமா? பித்தளை பச்சை பூத்திருக்கிறது. அப்பத்தா இப்போதே புளியைக் கரைத்து வைக்கத் தயார்.

கோட்டையூர் பழசு:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள். 2¼ அங்குல அகலமும் முதுகில் இரண்டு பக்கிளும் 1937 மாடலின் லட்சணம். தரைப்படைக்கென்று லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய சரக்கு.

கடைக்காரர் 1919 என்று சொன்னதும் சும்மா இல்லை, எங்கேயோ கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் தோல் பட்டைகள் படுத்திய பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் பிரிட்டிஷ் தரைப்படை 1908இல் பருத்திப் பட்டைக்கு மாறியது. மில்ஸ் கம்பெனி நெய்தது. இடுப்புப் பட்டை 3 அங்குலம், தோட்டாப் பைகளில் பக்கத்துக்கு 75 வீதம் 150 தோட்டா. கப்பற்படை மட்டும் பழுப்புத் தோலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர் முடிந்த பிறகுதான் அவர்களுக்கென்று தனியாக மில்ஸ் செய்த 1919 மாடல் வந்தது. கப்பலில் இருக்கும் மாலுமிக்கு இதை மாட்டிக்கொண்டு என்ன வேலை? துப்பாக்கியோடு கரையிறங்கும் அணிக்குத்தான் தேவை. அதனால் தரைப்படைச் சரக்கோடு பார்த்தால் எண்ணிக்கை சொற்பம். அரிது என்ற பேச்சு அங்கிருந்து வருகிறது, ஆனால் அந்தப் பேச்சை உங்கள் கடையில் இருப்பதன் மேல் ஒட்ட முடியாது.

புளியை அப்பத்தாவிடமிருந்து ஒளித்து வையுங்கள். குத்துவிளக்குக்குச் சரி. இதில் புளித் தண்ணீர் பருத்தியில் இறங்கினால் கறை நிற்கும், தேய்க்கிற தேய்ப்பில் பித்தளையில் குத்திய எழுத்தும் மழுங்கும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வளவுவாசி:
அப்போ கப்பற்படைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா அண்ணே?

கோட்டையூர் பழசு:
அப்படி அடித்துச் சொல்லமாட்டேன். இரண்டாம் உலகப் போரில் மாலுமிகளும் கரையில் 1937 மாடலைக் கட்டியிருக்கிறார்கள். விமானப்படைக்கு அதையே நீலச் சாம்பல் நிறத்தில் கொடுத்தார்கள். ஆகவே அளவு மட்டும் போதாது, உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு மையில் அகல அம்புக்குறி இருக்கும், அது அரசாங்கச் சொத்து என்பதற்கான குறி. கூடவே செய்த கம்பெனி, வருடம். அம்புக்குறியை ஒட்டி 'என்' எழுத்து இருந்தால் கடற்படைப் பேச்சை எடுக்கலாம்.

தறிச்சத்தம்:
நானும் ஒன்று வைத்திருக்கிறேன், போர்க்காலத்தில் இந்தியாவிலேயே நெய்தது. இங்கிலாந்துப் பட்டையோடு வைத்துப் பார்த்தால் நூல் தடிமன், நெசவு கரடு. விரல் நகத்தை ஓட்டினாலே தெரிந்துவிடும். மேலே பச்சையாகப் பொடி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், அது பிளாங்கோ, பட்டைக்கு நிறம் கொடுக்கும் பூச்சுக் கட்டி. பிரஷ்ஷை நனைத்துக் கட்டியில் தேய்த்துப் பட்டைக்குப் பூசுவார்கள். அணிவகுப்பு வெள்ளைக்கும் அதே கம்பெனியின் வெள்ளைக் கட்டிதான். தயவுசெய்து வாஷிங் மெஷினில் போடாதீர்கள், என் மைத்துனர் போட்டார். மெஷின், பெல்ட் இரண்டும் பாழ்.

வளவுவாசி:
இன்று மறுபடியும் போனேன். 1943, அம்புக்குறி இருக்கிறது, 'என்' இல்லை. நெசவும் கரடுதான். நான் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்ததும் கடைக்காரர் 2,000க்கு இறங்கிவிட்டார்.

கோட்டையூர் பழசு:
இன்னும் இறங்குவார். செட்டிநாட்டிலேயே போர்க்காலத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள், போர் முடிந்ததும் மிலிட்டரி டிஸ்போசல் சரக்கு, அதாவது ராணுவம் கழித்துவிட்ட சாமான், ஊர் ஊராகப் போனது. கடல் இல்லாத ஊரில் இந்தப் பெல்ட் கிடைக்கக் கப்பல் வந்திருக்க வேண்டியதில்லை. எண்ணூறுக்கு மேல் போகாதீர்கள். உங்கள் சின்ன ஐயாவுக்காக என்றால், பெல்ட்டைத் தேடுவதற்கு முன் வீட்டு டிரங்குப் பெட்டியில் அவருடைய சர்வீஸ் காகிதம் இருக்கிறதா பாருங்கள். அதில் ராயல் இந்தியக் கடற்படை என்று போட்டிருக்கும்.

வளவுவாசி:
சரி அண்ணே. அதே கடையில் ஆணி, திருகு போட்டு வைக்க உயரமாக இரண்டு காக்கிப் பை வைத்திருக்கிறார். மூடி மேலிருந்து மடங்கி வருகிறது. அதுவும் இந்த வகையா?

கோட்டையூர் பழசு:
பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கியின் மேகசின் (தோட்டா அடைத்த பெட்டி) வைக்கிற 1937 பையாக இருக்கும். ஆணியைக் கொட்டிவிட்டு உள்பக்க முத்திரையைப் போட்டோ எடுத்துப் போடுங்கள். பெல்ட்டைப் பற்றி அவரிடம் இனி வாயே திறக்காதீர்கள், முதலில் பையின் விலையைக் கேளுங்கள்.