அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய்: பயாப்சிக்குப் பிந்தைய புதுப்பிப்பு

கோபிசெட்டிப்பாளையம் பக்கம் மஞ்சள் விவசாயம் பார்க்கும் என் அப்பாவுக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் புரதம்) அளவு கூடியிருந்ததால், உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன்.

பயாப்சி (திசுப் பரிசோதனை) முடிவு வந்துவிட்டது. புற்றுநோய்தான்; ஆனால் புற்றணுக்களின் தீவிரத்தைக் காட்டும் கிளீசன் மதிப்பெண் 3+3=6, அதாவது பெரும்பாலும் மெல்ல வளரும் வகை. எம்.ஆர்.ஐ.யிலும் சுரப்பியைத் தாண்டிப் பரவிய அறிகுறி இல்லை என்பதால், கோவையில் நாங்கள் பார்த்த மருத்துவர் அறுவையையும் கதிர்வீச்சையும் தள்ளிவைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி என்று தொடரும் தீவிரக் கண்காணிப்பைப் பரிந்துரைத்தார்.

'புற்றுநோயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதா?' என்று பங்காளிகள் கொதித்தார்கள். ஆனால் ஆய்வு சொல்வது வேறு: பிரிட்டனில் இந்நோய் உள்ள 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு எனப் பிரித்து நடத்திய புரொடெக்ட் ஆய்வின் 15 ஆண்டு முடிவு 2023-இல் வெளியானது. மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 3 சதவீதமே. கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியோர் மற்றவற்றைப்போல் சுமார் இரு மடங்கு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆகவே பரிசோதனையைத் தவறவிடுவதற்கு இதில் இடமில்லை. மறுபுறம், அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவும் விறைப்புக் குறைவும் நேரக்கூடும் (இதை வீட்டில் பேசத்தான் எங்களுக்குக் கூச்சம்).

இரவில் அப்பா சிறுநீர் கழிக்க அடிக்கடி எழுவதற்குக் காரணம், புற்றுநோயல்ல, வயதால் வந்த சுரப்பி வீக்கம். அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லவும் தடையில்லை. தந்தைக்கு இருந்தால் மகனுக்கும் அபாயம் கூடும் என்பதால், நானும் அண்ணனும் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்கவிருக்கிறோம்.