அடுக்கு மாஃப் படிகத்திலிருந்து மீமெல்லிய நானோதகடுகள்: மீயொலி மட்டும் போதுமா?

கேள்வி

வணக்கம். அடுக்கு அமைப்புடைய உலோக-கரிமக் கட்டமைப்பு (மாஃப்; உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைத்து உருவாகும் நுண்துளைப் படிகம்) ஒன்றை எத்தனாலில் இட்டு, மீயொலியால் நானோதகடுகளாகப் பிரிக்க முயன்று வருகிறேன். மீயொலியின் திறனைக் கூட்டும்போதெல்லாம் தகடுகள் பக்கவாட்டில் உடைந்து சிறுக்கின்றனவே தவிர, தடிமன் 10 நானோமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. மையவிலக்கிய பின் மேலே நிற்கும் நீர்மத்தில் டிண்டால் ஒளிச்சிதறல் (மிதக்கும் நுண்துகள்களால் ஒளிக்கற்றையின் பாதை புலப்படுவது) தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதை உலர்த்தியதும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. வேறு எந்த வழியை நாடலாம்?

மறுமொழி 1

கிராஃபீனுக்கு ஒத்துவந்த முறையை மாஃபுக்கு அப்படியே பயன்படுத்துவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கிராஃபீனில் தளத்துக்குள் இருப்பவை கார்பன்-கார்பன் சகப்பிணைப்புகள். மாஃப் அடுக்கிலோ உலோக அயனியையும் கரிம ஈனியையும் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) இணைக்கும் ஈதல் பிணைப்புகள்தான் தளத்தைத் தாங்குகின்றன. அவை அவ்வளவு வலியவை அல்ல என்பதால், அடுக்குகளைப் பிரிக்கப் போதுமான விசைக்கும் அடுக்கையே உடைத்துவிடும் விசைக்கும் இடையிலான இடைவெளி குறுகலாகிவிடுகிறது. மீயொலியில் குமிழிகள் வெடிக்கும்போது எழும் அதிர்ச்சி எல்லாத் திசைகளிலும் தாக்குகிறது. நமக்கு வேண்டியது அடுக்குகளைத் தளத்துக்கு இணையாக நழுவச் செய்யும் மென்மையான உராய்வு.

இதற்கு நல்ல சான்று, 2014இல் சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தினர் துத்தநாகமும் பென்சிமிடசோலும் சேர்ந்த அடுக்கு மாஃபைப் பிரித்த விதம். அவர்கள் முதலில் படிகங்களை ஈரநிலையில், நிமிடத்துக்கு 60 சுற்று என்ற மிக மெதுவான வேகத்தில் பந்து ஆலையில் அரைத்தார்கள்; பிறகுதான் மெத்தனாலும் புரோப்பனாலும் கலந்த நீர்மத்தில் மீயொலிக்கு உட்படுத்தினார்கள். கிடைத்த தகடுகளின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். சிறிய மெத்தனால் மூலக்கூறு அடுக்குகளுக்கு இடையே ஊடுருவ உதவுகிறது; புரோப்பனால் பிரிந்த தகட்டின் பரப்பில் படிந்து அதை நிலைநிறுத்துகிறது. ஆகவே, கரைப்பானை மாற்றிப் பார்ப்பதற்கு முன் திறனைக் கூட்ட வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

மறுமொழி 2

முன்னவர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் உங்கள் படிகத்தின் அடுக்குகளை வான்டெர் வால்சு விசை மட்டுமல்லாமல் ஹைட்ரசன் பிணைப்புகளும் பிடித்து வைத்திருந்தால், மென்மையான அரைப்பும் பெரிதாகப் பயன்தராது. அப்போது அடுக்குகளுக்கு நடுவே வேறு மூலக்கூறுகளை நுழைக்கும் இடைச்செருகல் முறை கைகொடுக்கும். பல்லேடியம் போர்பிரினை ஈனியாகக் கொண்ட ஒரு துத்தநாக மாஃபில், டைசல்ஃபைடு பிணைப்புள்ள டைபிரிடைல் மூலக்கூறுகளை அடுக்குகளுக்கு இடையே புகுத்தி, பின்னர் டிரைமீத்தைல் பாஸ்பீனால் அந்தப் பிணைப்பை வெட்டினார்கள். அடுக்குகள் தாமே விலகி, 1 நானோமீட்டர் அளவிலான தகடுகள் பாதிக்கும் மேற்பட்ட விளைச்சலில் கிடைத்தன. 2017இல் வெளியான இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இங்கே பிரிப்பு எந்திர வலிமையை நம்பியிராமல் வேதிவினையின் கட்டுப்பாட்டில் நடக்கிறது.

தகடுகளைத் தொடக்கத்திலிருந்தே மெல்லியதாக வளர்ப்பது மற்றொரு வழி. தாமிர டெரிப்தாலேட் என்ற மாஃபில், டைமீத்தைல் ஃபார்மமைடு மிகுந்த அடி நீர்ம அடுக்கில் ஈனியையும், அசிட்டோநைட்ரைல் மிகுந்த மேல் அடுக்கில் தாமிர உப்பையும் வைத்து, நடுவிலுள்ள கலவை அடுக்கில் அவை மெல்லச் சந்திக்குமாறு செய்தார்கள். தகடுகள் 5 முதல் 25 நானோமீட்டர் தடிமனில் உருவாயின. பாலிவினைல் பிரோலிடோன் என்ற பாலிமரைச் சேர்த்து, தடிமன் கூடும் திசையில் வளர்ச்சியைத் தடுப்பதும் உண்டு. ஆனால் வினையூக்கம் உங்கள் நோக்கமானால், பரப்பில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பாலிமர் உலோக மையங்களை மறைத்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. என் நோக்கம் வாயுப் பிரிப்புச் சவ்வு. உலர்த்தும்போது தகடுகள் ஒட்டிக்கொள்வதை எப்படித் தவிர்ப்பது? தடிமனை உறுதிசெய்ய எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு போதுமா?

மறுமொழி 3

சவ்வுதான் நோக்கமெனில் பொடியாக உலர்த்தவே வேண்டாம். கூழ்ம நிலையிலேயே வைத்திருந்து நேராகத் தாங்கியின் (சவ்வைத் தாங்கும் நுண்துளை அடித்தளம்) மேல் படியச் செய்யுங்கள். மறுமொழி 1இல் குறிப்பிட்ட துத்தநாக-பென்சிமிடசோல் தகடுகளைச் சூடாக்கிய தாங்கியின் மேல் சொட்டுச் சொட்டாக இட்டார்கள். கரைப்பான் உடனே ஆவியாவதால் தகடுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. ஒழுங்காக அடுக்கிக்கொண்டால், ஒரு தகட்டின் துளைவாயை அடுத்த தகடு அடைத்துவிடும். 0.29 நானோமீட்டர் விட்டமுள்ள ஹைட்ரசனையும் 0.33 நானோமீட்டர் விட்டமுள்ள கார்பன் டை ஆக்சைடையும் பிரித்தறிய வேண்டிய இடத்தில் அந்த அடைப்பு பெரிய இழப்பு.

விளிம்புவளைவு மட்டும் போதாது. உலர்ந்த தகடுகள் தட்டையாகப் படிவதால் அடுக்குத் திசையின் உச்சிகள் மேலோங்கித் தெரியும். தடித்த தகடுகளும் அவ்வாறே காட்டும் என்பதால் அதை மெல்லிய தகட்டுக்குச் சான்றாகக் கொள்ள இயலாது. நீர்மத்தை நன்றாக நீர்த்து, மைக்காவின் மேல் படியவைத்து, அணுவிசை நுண்ணோக்கியில் பல தகடுகளை அளந்து, தடிமன் பரவலை முழுமையாகத் தாருங்கள். படிகக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்ட ஓரடுக்குத் தடிமனைவிட அளவு சற்றுக் கூடுதலாக வந்தால், பரப்பில் தங்கிய கரைப்பான் மூலக்கூறுகள் அதற்குக் காரணமாக இருக்கலாம்.