தீபமும் பௌர்ணமியும்: திருவண்ணாமலையில் 22 அறை விடுதியை எப்படி நடத்துவது?

குத்தகைக்காரன் கேட்டது:

வணக்கம். திருவண்ணாமலையில் பெரிய கோயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில், 22 அறைகளும் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய சைவ உணவகமும் கொண்ட விடுதியைத் தை மாதத்திலிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். வார நாள்களில் பாதி அறைகள் நிரம்பினாலே மகிழ்ச்சி. பௌர்ணமியன்றோ இரவு பத்து மணிக்குக்கூட அறை கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இரட்டைக் கட்டில் அறைக்கு வழக்கமாக 1,800 ரூபாய் வாங்குகிறேன். கார்த்திகை தீபத்தன்று அதே அறையை 9,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படி ஏற்றுவது முறையா, முன்பணம் எவ்வளவு வாங்க வேண்டும், இணைய முன்பதிவுத் தளங்களுக்கு எத்தனை அறைகளை விடலாம், அன்றைக்கு என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்பவற்றை இத்தொழிலில் பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய மேலாளர் எழுதியது:

ஐயா, இதே ஊரில் இரண்டு விடுதிகளில் மேலாளராக இருந்தவன் நான். வாடகைக்குப் பிறகு வருகிறேன்; முதலில் ஒரு பஞ்சாங்கம் வாங்கி மேசையில் வையுங்கள். பௌர்ணமி திதி மாலையில் தொடங்கி மறுநாள் மாலை வரை நீளும் மாதங்களில் கூட்டம் இரண்டு இரவுகளாகப் பிரிந்து வரும். காலையில் தொடங்கி மறுநாள் காலையில் முடிந்தால் அனைவரும் ஒரே இரவில் வந்து குவிவார்கள். கிரிவலத்துக்கு உகந்த நேரத்தைக் கோயில் நிர்வாகமும் முன்கூட்டியே அறிவிக்கிறது. இதைப் பார்க்காமல் நாள்காட்டியில் உள்ள தேதிக்கு மட்டும் வாடகையை ஏற்றியவர்கள், அடுத்த இரவு வந்த கூட்டத்துக்குச் சாதாரண விலையில் அறை கொடுத்துவிட்டு வருந்தியதுண்டு.

அடுத்தது, கிரிவலம் வருபவர் அறையில் தங்குவதே இல்லை என்று சொல்லலாம். மாலையில் வந்து பையை வைத்துவிட்டுக் குளித்துப் புறப்படுவார். 14 கிலோமீட்டரை வெறுங்காலுடன் நடந்து முடித்து, நள்ளிரவுக்குப் பின் திரும்பி வந்து வெந்நீர் கேட்பார். இருவருக்கென்று எடுத்த அறையில் ஆறு பேர் குளிப்பார்கள். ஆகவே அன்றைக்கு உங்கள் சரக்கு கட்டிலன்று, தண்ணீர்தான். மேல்தொட்டி இரவு எட்டு மணிக்கு ஒரு முறையும், இரண்டு மணிக்கு ஒரு முறையும் நிரம்பியிருக்க வேண்டும். மதியம் 2 மணிக்குக் கொடுத்து மறுநாள் காலை 10 மணிக்கு அறையைத் திரும்பப் பெறுவது என்று பௌர்ணமிக்குத் தனி நேரம் வையுங்கள். கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வாங்கிவிடுங்கள், ஏனெனில் சலவைக்குப் போட்டது அன்று திரும்பி வராது.

தீபத்தன்று நிலைமை வேறு. வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நிறுத்தப்படும். உள்ளே வண்டி நுழைவது கடினம். பால், காய்கறி, எரிவாயு உருளை அனைத்தும் முந்தைய நாளே வந்து சேர வேண்டும். பணியாளர்களும் அன்று வீட்டிலிருந்து வந்து போக முடியாது என்பதால் இரண்டு அறைகளை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, விற்பனைக்கு 20 அறைகள் என்றே கணக்கிடுங்கள். மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றியதும் விடுதி காலியாகிவிடும். அந்த நேரத்தில் சமையலாளரைத் தூங்க வைத்து, அதிகாலை 3 மணிக்கு இட்லி கொப்பரையை ஏற்றச் சொல்லுங்கள்.

தானாக நிரம்பும் நாளுக்கு இணைய முன்பதிவுத் தளங்களுக்குக் கமிஷன் கொடுப்பானேன்? தீபத்தன்று நான்கைந்து அறைகளை மட்டும் விட்டால் போதும். ஆனால் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அவர்கள்தாம் ஆள் அனுப்புவார்கள் என்பதால் முழுவதுமாக அடைத்துவிடாதீர்கள்.

வாடகையில் என் கருத்து, வழக்கமானதைப்போல் இரண்டு மடங்கு, மிஞ்சினால் இரண்டரை. தீபம் ஆண்டுக்கு ஒன்று. பௌர்ணமி 12 அல்லது 13. மாதந்தோறும் வருகிற அதே குடும்பம்தான் தீபத்துக்கும் தொலைபேசியில் அழைக்கிறது. மேலும், மலையுச்சியில் தீபம் 11 நாள்கள் எரியும். அறை கிடைக்காதவரிடம் நான்காம் நாள் சாதாரண வாடகைக்கு வரச் சொன்னால் நெரிசலின்றித் தரிசித்துவிட்டுப் போவார். கொடியேற்றத்திலிருந்து ஏழாம் நாள் நடக்கும் தேரோட்டத்துக்கும் இப்படியே ஆள் சேர்க்கலாம்.

வரிக்கணக்கர் எழுதியது:

9,000 ரூபாய் வாங்குமுன் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு; அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. பலகையில் எழுதியிருக்கும் கட்டணத்தை வைத்தல்ல, உண்மையில் வாங்கும் தொகையை வைத்தே இது முடிவாகிறது. இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் உணவகத்தில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை ஒரு நாளேனும் 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தால், அந்த வளாகத்தில் நீங்கள் நடத்தும் உணவகத்துக்கு அடுத்த நிதியாண்டு முழுவதும் 5 விழுக்காட்டுக்குப் பதிலாக 18 விழுக்காடு வரி விதிக்க வேண்டியிருக்கும். உள்ளீட்டு வரியை, அதாவது சரக்கு வாங்கும்போது நீங்கள் கட்டிய வரியை, கழித்துக்கொள்ளலாம் என்றாலும், இட்லி சாப்பிட வரும் உள்ளூர்க்காரர் அந்த விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். தீபத்துக்கு வாங்கும் முன்பணத்துக்கும், பணம் கையில் வந்த மாதத்திலேயே வரி கணக்கில் வர வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பெங்களூரு பக்தை எழுதியது:

தங்க வருபவரின் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபத்துக்காக ஒரு விடுதியில் முன்பணம் கட்டியிருந்தோம். போய் நின்றபோது, முழுத்தொகை வரவில்லை என்று சொல்லி அறையை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் எங்களைவிட எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்பது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. என் தாயார் அன்றிரவை ஒரு கடைத் திண்ணையில் கழித்தார். பௌர்ணமிக்கு இப்போதும் வருகிறோம், ஆனால் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. முன்பணம் பாதியோ முழுதோ, நிபந்தனையை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். தடுப்பு எங்கே போட்டிருக்கிறார்கள், வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று காலையில் ஒரு குறுஞ்செய்தி வந்தால், அதற்காகவே கூடுதல் வாடகை கொடுக்க நாங்கள் தயார்.

குத்தகைக்காரன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வரி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. 4,200 ரூபாய் என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. மழை, மண்சரிவு போன்ற காரணத்தால் வர இயலாதவர்களின் முன்பணத்தை என்ன செய்வது? எங்கள் மொட்டை மாடியிலிருந்து மலையுச்சி நன்றாகத் தெரிகிறது. தீபம் பார்க்க வெளியாட்களைக் கட்டணம் வாங்கி ஏற்றலாமா?

பழைய மேலாளர் எழுதியது:

2024 டிசம்பர் 1 அன்று மண்சரிவில் ஏழு பேர் உயிரிழந்த பிறகு, அதே மாதம் 13-ஆம் தேதி நடந்த தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. அந்தச் சமயத்தில் வரத் தயங்கியவர்களுக்கு நாங்கள் பணத்தைத் திருப்பித் தராமல், அடுத்த ஆறு மாதங்களில் எந்தப் பௌர்ணமிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்றோம், பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். பிடிவாதமாகக் கேட்ட இருவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மாடிக்கு வெளியாட்களை ஏற்றாதீர்கள். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனைவரும் மலை தெரியும் ஒரே பக்கத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்வார்கள். அறைக்கு நான்கு பேர் என்று சீட்டுக் கொடுத்து, படிக்கட்டில் ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்தச் சுவரின் உயரத்தை இப்போதே அளந்து பார்த்துவிடுங்கள்.