'டிரிம்' என்பதற்கு விளிம்பணியா, பூணா?

அனைவருக்கும் வணக்கம். கார் பாலிஷ் கையேட்டில் 'டிரிம்' (காரின் வெளிப்புறத்தில் பெயின்ட் பூசாத பிளாஸ்டிக் பாகங்கள்) வரும் இடமெல்லாம் 'விளிம்பணி' என்று போட்டிருக்கிறோம். இருக்கட்டுமா?

---

> 'விளிம்பணி' என்று போட்டிருக்கிறோம்

வேண்டாம் ஐயா. முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கும் கறுப்புத் தட்டு எந்த விளிம்பில் இருக்கிறது? சக்கர வளைவைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டை (கிளாடிங்)? கையேடு இவற்றைத் தனியாகப் பேசக் காரணம் இடம் அல்ல, பரப்பு. பெயின்ட் பூசாத, சொரசொரப்பான பிளாஸ்டிக். அதன் நுண்குழிகளில் மெழுகோ காம்பவுண்டோ (கீறல் போக்கத் தேய்க்கும் பசை) இறங்கிக் காய்ந்தால் வெள்ளைத் திட்டாக நிற்கும். பெயின்ட் மேல் ஒரு துடைப்பில் போய்விடும். இங்கே துணி குழியின் அடியைத் தொடுவதே இல்லை.

'சொரிநெகிழி' என்று ஒரு யோசனை வந்தது. காதில் விழுந்தால் சொறிநாய்தான் நினைவுக்கு வரும், விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு 'பூண்'. உலக்கைக்குப் பூண், கைத்தடிக்குப் பூண்: தேய்மானத்தைத் தாங்க மாட்டுவது, பார்வைக்கும் அழகு. டிரிம்மின் வேலையும் அதேதான்.

---

பூண் என்றால் இரும்போ பித்தளையோதானே தம்பி மனத்தில் வரும்? முதல் இடத்தில் 'நெகிழிப்பூண்' என்று எழுதி, பிறகு 'பூண்' என்று சுருக்கினால் எனக்குச் சம்மதம். பட்டறையில் 'பீடிங்' என்பார்கள்; அது கதவுப் பட்டைக்கும் ரப்பருக்கும் மட்டும்.

பாலிஷ் படாமல் டிரிம்மை மூடி ஒட்டும் மாஸ்கிங் டேப்புக்கு 'மறைநாடா' போதும். 'மூடாக்கு' வேண்டாம், அதை வயலுக்கு விட்டுவிடுவோம். சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன்:

"வண்டியைக் கழுவி, பூணின் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்த பிறகே 18 அல்லது 24 மி.மீ. மறைநாடாவை ஒட்டவும்; ஈரத்தில் பிடிக்காது. பூண் முழுக்க மூடி, பெயின்ட் மேலும் 1–2 மி.மீ. ஏற்றி, இடுக்கில் நகத்தால் அழுத்தவும். தகட்டு ஓரத்தில் பெயின்ட் மெல்லியது, பாலிஷ் எந்திரத்தின் சுழலும் பேட் அங்கேதான் முதலில் அடிவரை தின்னும். பேட் பூணில் உரசினால் சூட்டில் சொரசொரப்பு உருகி வழவழவென்று பளபளக்கும். அதைத் திருப்ப வழியில்லை. வேலை முடிந்த அன்றே, நிழலில், நாடாவைத் தன்மேலேயே மடித்து மெல்ல உரிக்கவும். வெயிலில் கிடந்தால் பசை தங்கிவிடும்."

பார்சல் ஒட்டும் பழுப்பு டேப் கூடாது என்று ஒரு வரி சேர்க்கவும். அதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

---

ஏற்கிறேன் ஐயா. ஆனால் 4ஆம் அத்தியாயத்தில் 'வெளுப்பு' என்று இரண்டு வேறு கோளாறுகளுக்கும் ஒரே சொல் ஓடுகிறது. நனைத்தால் இரண்டும் கறுத்துவிடும், காய்ந்தால் திரும்ப வரும், அதனால்தான் குழப்பம். மெழுகு ஏறியது பெயின்ட் எல்லையை ஒட்டி, கை போன தடத்தில் கோடு கோடாக இருக்கும். அது 'மெழுகுப்படிவு'. வெயிலில் நைந்தது வானத்தைப் பார்த்த பரப்பில் பரவலாகச் சாம்பல் பூத்திருக்கும். அது 'வெளிறல்'.

பிரிக்காவிட்டால் மருந்து மாறிப்போகும். படிவுக்கு, பத்துப் பங்கு நீரில் ஒரு பங்கு ஆல்-பர்பஸ் கிளீனர், மென்மையான பல்துலக்கி. மிஞ்சினால் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். வெளிறலைத் தேய்த்துப் போக்க முடியாது, பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கப் பூசும் டிரெஸ்ஸிங்தான். படிவின் மேலேயே டிரெஸ்ஸிங் பூசினால் நாலு கழுவலில் திட்டு மறுபடி எட்டிப் பார்க்கும்.

---

சரி: பூண், மறைநாடா, மெழுகுப்படிவு, வெளிறல். 'டிரெஸ்ஸிங்' அப்படியே நிற்கட்டும். 'ஒப்பனை' என்று யாரும் கிளம்ப வேண்டாம்.