முதல் மாடல் கார் கிட்: பாடியில் தொடங்குங்கள்

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்துக் கட்டும் மாடல் கார் கிட்டை முதன்முதலாக வாங்கியவர்கள் பெட்டியைத் திறந்ததும் வழிமுறைத் தாளின் முதல் படியிலிருந்து ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் எஞ்சினிலோ அடிச்சட்டமான சேஸிஸிலோதான் தொடங்கும். நான் கட்டிய கார்களை வைத்துச் சொல்கிறேன்: காரின் வெளிக்கூடான பாடியில் தொடங்குங்கள். பெயிண்ட் காய்வதற்கு அதிக நாள் கேட்பது அதுதான். ஒரு பூச்சு காயும் இடைவெளியில் இருக்கைகள், டேஷ்போர்டு, எஞ்சின் என்று ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வரும். ஈரப் பெயிண்டைத் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் விரல்களுக்கும் வேறு வேலை கிடைத்துவிடும்.

நான் கட்டியவற்றில் ஒன்று, 1/24 அளவில் தமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிட். 4.5 மீட்டர் நீளமுள்ள கார் இந்த அளவில் 18.75 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. இதே கணக்கைப் பெயிண்டுக்கும் போட்டுப் பாருங்கள். பாடியின் மேல் பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடித்தால், நிஜக் காரில் அது 2.4 மில்லிமீட்டருக்குச் சமம். கதவைச் சுற்றியுள்ள கோடு, பானட் இடுக்கு, பின்பக்க எழுத்துகள் எல்லாம் அதில் மூழ்கிவிடும். ‘மெல்லியதாக அடி’ என்று அனுபவசாலிகள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

பெயிண்டுக்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவும் எண்ணெய்ப் பசை பாகங்களில் ஒட்டியிருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். அடுத்தது அச்சுக்கோடு. அச்சின் இரண்டு பாதிகள் சந்தித்த இடத்தில் முடி அளவில் ஒரு வரி மேடாக ஓடும். பார்த்தால் எளிதில் தெரியாது. விளக்குக்கு எதிரே பாடியைச் சாய்த்து, நகத்தை மெதுவாக ஓட்டினால் தட்டுப்படும். கூரையைத் தாங்கும் தூண்களிலும் சக்கர வளைவுகளுக்கு மேலேயும் அவசியம் தேடுங்கள். 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, 1000 எண்ணால் முடித்தால் போதும்.

பிறகு பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. பெயிண்ட் பற்றிக்கொள்ள இது உதவும், தேய்க்காமல் விட்ட இடத்தையும் காட்டிக்கொடுக்கும். மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களுக்கு அடியில் சாம்பல் பிரைமர் இருந்தால் நிறம் மங்கித் தெரியும். அவற்றுக்கு வெள்ளையோ இளஞ்சிவப்போ நல்லது.

இனி வண்ணம். ஸ்ப்ரே டப்பாவைச் சில நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் துளிகள் நுண்ணியதாக வரும். நீர் கொதிக்கக் கூடாது. அடுப்பின் அருகே டப்பாவைக் கொண்டுபோகவே கூடாது. 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே சீராகக் கடந்து, மறுபக்கம் தாண்டியபின்தான் விரலை எடுக்க வேண்டும். முதல் பூச்சு வெறும் தூவல். பிரைமர் திட்டுத்திட்டாகத் தெரியும், பார்க்கவே மனது கேட்காது. அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவதில் நிறம் ஓரளவு மூடும். கடைசிப் பூச்சுதான் சற்று ஈரமாக விழ வேண்டும்.

அந்தக் கடைசிப் பூச்சில் நிறத்தைப் பார்க்காதீர்கள், பாடியில் விழும் விளக்கின் பிரதிபலிப்பைப் பாருங்கள். முதலில் அது உடைந்து, பொடிப்பொடியாக இருக்கும். ஸ்ப்ரே கடந்துபோன அடுத்த நொடி அந்தப் பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, விளிம்பு கூர்மையான ஒரே ஒளிக்கோடாக மாறும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு கை கூடினால் வழியும். குறைந்தால் ஆரஞ்சுத் தோல் போல மேடும் பள்ளமும் தங்கும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த நொடி அதுதான். பிளாஸ்டிக்காக இருந்தது கண்ணெதிரே உலோகமாக மாறுகிறது.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்க வேண்டாம். மூக்கருகே கொண்டுவந்து முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசனை இருக்கும்வரை கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மழை நாளில் லாக்கர் (கரைப்பான் ஆவியாகி விரைவில் காயும் பெயிண்ட்) அடிப்பதையும் தவிருங்கள். காற்றின் ஈரம் பூச்சில் சிக்கினால் வெண்புகை படிந்ததுபோல வெளுத்துவிடும். லாக்கர் ஆவியைத் துணி முகக்கவசம் தடுக்காது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய கவசமும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். இதில் சமரசம் கூடாது.

•

மேலே எழுதியவர் சொன்னதோடு, இன்னொருவராக என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எனக்குக் கிடைத்த கிட்டின் பாடி சிவப்பு பிளாஸ்டிக். அதன்மேல் வெள்ளை அடித்திருந்தேன். அன்று மாலை பளிச்சென்று இருந்த வெள்ளை, நாளாக நாளாக ரோஜா நிறத்துக்குப் போனது. லாக்கரின் கரைப்பான் பிளாஸ்டிக்கில் உள்ள சாயத்தைக் கரைத்து மேலே இழுத்துவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன்மேல் இன்னும் வெள்ளை அடித்தாலும் சிவப்பு மறுபடி ஏறியது. இடையில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு கொடுத்தபின்தான் நின்றது. தொடக்கத்திலேயே வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும் கிட்டாகத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பாடு இல்லை.

டப்பாவில் உள்ள எழுத்துகளையும் கவனியுங்கள். தமியா ஸ்ப்ரேக்களில் டிஎஸ் (TS) என்பது இத்தகைய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் கிட்டுகளுக்கு. பிஎஸ் (PS) என்பது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பாடிகளுக்கு. கடை அலமாரியில் இரண்டும் அருகருகே நிற்கும்.

•

பெயிண்டைப் பற்றி மேலே எழுதிய இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் பசையைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல பூச்சு கெடுவதை நான் அதிகம் பார்த்தது ஒட்டும் கட்டத்தில்தான்.

பிளாஸ்டிக் சிமெண்ட் சாதாரணப் பசை அல்ல. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் உருக்கி ஒன்றாக்குகிறது. பெயிண்ட் அடித்த பரப்பில் அது பிடிக்காது. ஒட்டும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டிவிட வேண்டும். நீர்மமான வகையாக இருந்தால் முதலில் பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்பின் ஒரு முனையில் பிரஷ்ஷின் நுனியை வைத்தால் போதும். இடுக்கு வழியே அதுவே ஓடிப் பரவும். விரல் அந்த இடுக்கின்மேல் இருக்கக் கூடாது, இருந்தால் ரேகை அச்சாகப் பதிந்துவிடும்.

கண்ணாடிப் பாகங்களுக்கு இந்தச் சிமெண்ட் வேண்டாம், சூப்பர் குளூவும் வேண்டாம். சூப்பர் குளூவின் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துவிடும். வெள்ளைப் பசை எனப்படும் பிவிஏ போதும். காய்ந்தால் நிறமற்றுப் போகும், வெளியே பிதுங்கினாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

கதவுக் கோடுகளில் இருட்டு நிறம் ஓடவிடுவதற்கும் இதே இடுக்கு வித்தைதான். லாக்கர் நன்றாக இறுகியபின் நீர்த்த எனாமலை (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) கோட்டின் முனையில் தொட்டால் அது நெடுக ஓடும். மிஞ்சியதை எனாமல் தின்னரில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்கலாம், கீழே உள்ள லாக்கர் அசையாது. வரிசை மாறக் கூடாது: எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் சுருங்கி வெடிக்கும். பெயிண்ட் இல்லாத பிளாஸ்டிக்கில் எனாமல் தின்னர் தேங்கினாலும், குறிப்பாக அழுத்தத்தில் இருக்கும் பாகங்களில், விரிசல் விடும். கறுப்பு காருக்கு மட்டும்தான் கறுப்புக் கோடு. வெள்ளை காருக்குச் சாம்பல் நிறம்தான் இயல்பாக இருக்கும்.

புதிதாக வருபவர்கள் எஞ்சின் இல்லாத, பானட் திறக்காத கிட்டைத் தயங்காமல் எடுங்கள். குரோம் வரிகள் குறைந்த காராக இருந்தால் இன்னும் நல்லது. பழைய அமெரிக்கக் கார்களின் ஜன்னல் ஓரங்களுக்கு ஒட்டும் உலோகத்தாள் பதித்து, புது பிளேடால் வெட்ட வேண்டியிருக்கும். அந்த வேலைக்குக் கை பழகியபின் போகலாம்.