கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட அச்சோவியம்: உதவி தேவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஓர் இளம் ஓவியர் லினோகட் முறையில் (லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவி) அச்சிட்ட ரப்பர் தோட்டப் படம் என்னிடம் உள்ளது. மொத்தம் 40 பிரதிகள்தான். என்னுடையது 12/40, பென்சிலில் கையெழுத்து. விடியற்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்கும் பெண்கள், பின்னால் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை. என் பாட்டியும் அப்படி நின்றவர்தான்.

2021-இல் கடையில் ஃபிரேம் போட்டோம். இடைவெளி விடாமல் கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டார்கள். மூன்று மாதமாக மிளகு அளவில் பழுப்புப் புள்ளிகள். வலது மூலையில் கறுப்பு மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

பின்னட்டையைக் கழற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு, நாலு நாள் காற்றாடிக்குக் கீழே வைத்தேன். புள்ளி பரவுவது நின்றது, ஒட்டியது விடவில்லை. இழுத்தால் மை உரிந்துவிடும். வெயிலில் வைக்கச் சொல்கிறார்கள், அது காகிதத்தைக் கெடுக்கும், செய்ய மாட்டேன்.

ஈப்போ, தைப்பிங் பக்கம் காகித ஓவியங்களைச் சீர்செய்யும் ஆள் யாரையாவது தெரியுமா?